பதினேழாவது அடுக்கு

"ஐயையோ... சார்!"

துப்புரவுப் பெண்ணின் அலறலில் மாடியே அதிர்ந்தது.

சர்வர் அறையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தார் டைரக்டர். உயிர் இல்லை.

தீயும் இல்லை. ஆனால் மூச்சை அடைத்துவிடும் தீயணைப்பு வாயுவை யாரோ திறந்துவிட்டு, கதவை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள். பூட்டிய நேரம் 10.40. கதவைப் பூட்டிய கார்டு... சீனியர் என்ஜினியரின் தம்பியுடையது!

பதினொன்றரைக்கெல்லாம் அவன் கையில் விலங்கு.

"சத்தியமா நான் இல்லக்கா! கார்டு காலையிலேர்ந்தே காணோம்!"

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அக்காதான் அந்தச் சீனியர் என்ஜினியர். கெஞ்சிக் கூத்தாடி அவனை இங்கே சேர்த்துவிட்டதே அவள்தான்.

"காலைல டைரக்டர் உங்க தம்பியை 'சோம்பேறி, வேலையை விட்டே தூக்கிடுவேன்'னு கத்தினாராமே?" என்றார் இன்ஸ்பெக்டர். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த பெண்மணி.

"திட்டு வாங்குறது அவனுக்குப் பழக்கம் மேடம்! அதுக்காகக் கொலை பண்ணுவானா?"

"மாடியில வேற யார் இருந்தா?"

"உதவி டைரக்டர்."

அவர் தன் அறை வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணில்தான் ஈரத்தைக் காணோம்.

"ஒன்பதரைலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் கதவைச் சாத்திக்கிட்டு இதைத்தான் வரைஞ்சுக்கிட்டிருந்தேன் மேடம். தலையே நிமிரல!"

சுவர் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை. அதில் நாற்பது அடுக்குப் பெட்டிகள். நூற்றுக்கணக்கில் அம்புக்குறிகள்!

"என்ன இது?"

"நியூரல் நெட்வொர்க். கம்ப்யூட்டருக்குள்ள கட்டுற மூளைக்கு பிளான். முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு!"

"ஒன்பது மணிக்கு நான்தாங்க பலகையைத் துடைச்சேன்," என்றாள் துப்புரவுப் பெண்.

இன்ஸ்பெக்டர் அக்காவிடம் திரும்பினார். "யோசிச்சு வரைய எவ்வளவு நேரமாகும்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். வாய் வரவில்லை.

"ஒன்றரை மணி நேரமாவது ஆகும் மேடம்..."

"அப்ப இவருக்கு சாட்சி சுவத்துலயே இருக்கு. வண்டியை எடுங்கப்பா!"

"அக்கா!" தம்பியின் குரல் உடைந்தது.

அக்கா நகரவில்லை. அவள் கண் பலகையில் பதினேழாவது அடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு கிளை பிரிந்து, மூன்று பெட்டி தாண்டி... பொட்டென்று நின்றது.

இதை நேற்றுப் பார்த்திருக்கிறாளே!

நேரடியாகக் கேட்டால் கை தவறிவிட்டது என்பார். ஐஸ் வைத்தாள்.

"பிரமாதம் சார்! இந்தப் பதினேழுலேர்ந்து ஒரு கிளை போகுதே... எதுக்கு சார்?"

அவர் பலகையைப் பார்த்தார். ஒரு விநாடி... இரண்டு விநாடி...

"அதுதாம்மா உயிர்நாடி! அதை எடுத்தா மொத்தமும் படுத்துடும்!"

"அப்படியா சார்?"

லேப்டாப்பைத் திறந்தாள். அதே பிளான். நூற்றுக்கு 94.2 மார்க். பதினேழின் கிளையை அழித்து ஓடவிட்டாள்.

மறுபடியும் 94.2!

"பார்த்தீங்களா மேடம்? ஒண்ணும் படுக்கல! இது எங்க மேஸ்திரி போட்ட பிளான்."

"யாரு மேஸ்திரி?"

"எங்க புரோகிராம். நாங்க வச்ச பேரு. தானாவே ஆயிரக்கணக்குல பிளான் போடும். மார்க் வாங்கினதைப் பொறுக்கி, கலந்து, மறுபடி போடும். நடுவுல இந்த மாதிரி எதுக்கும் உதவாத கிளை மிஞ்சிடும். யோசிச்சுப் போட்டவனுக்கு இது வெட்டின்னு தெரியாதா? இவர் யோசிக்கல... பார்த்து எழுதியிருக்கார்! பதினஞ்சே நிமிஷ வேலை!"

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. "மிச்ச நேரம் எங்க இருந்தீங்க சார்?"

உதவி டைரக்டர் ஓடினார்!

நாலே எட்டு. கான்ஸ்டபிள் காலை நீட்ட, தடாலென விழுந்தார். சட்டைப் பையிலிருந்து தெறித்து விழுந்தது... தம்பியின் கார்டு!

"மேஸ்திரியோட பிளானை என் பேர்ல வெளியே குடுக்கப் போறேன்னு டைரக்டர் கண்டுபிடிச்சுட்டார்..." தரையில் கிடந்தபடி முனகினார். "போலீசுக்குப் போறேன்னார்..."

விலங்கு கை மாறியது.

தம்பி அழுதுகொண்டே அக்காவைக் கட்டிக்கொண்டான். அவளும் அழுதாள். திடீரென்று அவனைத் தள்ளி நிறுத்தினாள்.

"ஏண்டா, வெட்டிக் கிளையெல்லாம் நறுக்குறது உன் வேலைதானே? நேத்தே முடிச்சாச்சுன்னு லிஸ்ட்ல டிக் போட்டிருந்தே?"

"டிக் மட்டும்தான்க்கா போட்டேன்..." தலை குனிந்தான். "சினிமாவுக்கு நேரமாயிடுச்சு. காலைல டைரக்டர் கத்தினதே அதுக்குத்தான்."

அந்த டிக்கை நம்பிக் காப்பியடித்தவர் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் முதன்முறையாகச் சிரித்தார்.

"ஒழுங்கா வேலை பார்த்திருந்தா இந்நேரம் நீ உள்ள இருந்திருப்பே தம்பி! ஆனா ஒண்ணு... இதை என் கான்ஸ்டபிளுங்க காதுல மட்டும் போட்டுடாதே!"