சாய்த்து வைத்த ஆசனம்

காலை ஒன்பது மணி. எழுத்தாளர் பொவாடுவின் படிப்பறையில் ஓர் ஒலிநாடா திருடு போயிருந்தது. பழி ஒதுரோ பெரியவர்மேல் விழுந்தது.

பொவாடுவின் சரித்திர நூல்களைக் குமாசி நகரமே கொண்டாடியது. ஏழு நூல்களையும் ஒதுரோ வரி விடாமல் படித்தவர். எட்டாவதில்தான் ஒதுரோவுடைய தாயாரின் தாய்மாமன், வெள்ளைக்காரப் படைக்குக் காட்டுவழி காட்டிய துரோகி என்று அச்சாகியிருந்தது. சான்று, ஒதுரோவின் காலமான பெரியம்மா பேசிய அந்த நாடா. ஒதுரோ ஊரறியச் சண்டை பிடித்தார். குடும்பத்தார் முன் இன்று அதைப் போட்டுக் காட்டுவதாக பொவாடு ஒப்புக்கொண்டிருந்தார். மாலையில் வெளியீட்டு விழா.

"எழுதிக்கிட்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருத்தன் அடிச்சான், ஆசனத்திலேருந்து விழுந்தேன்," என்றார் பொவாடு, தலையில் போட்ட காயக்கட்டைத் தடவியபடி. "கண்ணிமைக்கிறதுக்குள்ள நாடாவோட ஓடிட்டான். யார் அனுப்பின ஆளுன்னு நான் சொல்லணுமா?"

"எங்க வம்சத்துல திருடன் கிடையாதுடா!" ஒதுரோவின் கைத்தடி தரையில் இடித்தது.

"துரோகி மட்டும்தான் உண்டா?"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றார் விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டர் செர்வா. அறையைப் பார்த்தார். சிதறிய தாள்கள். கவிழ்ந்த மசிப்புட்டி. சுவரோரம் பக்கவாட்டில் சாய்த்து வைத்த, பொவாடு உட்காரும் மர ஆசனம்.

"அப்புறம் யாராவது எதையாவது தொட்டீங்களா?"

"காவல்காரன் என்னைத் தூக்கினான். உடனே அறையைப் பூட்டிட்டோம்."

"ஐயாவைத் தூக்கினதுலயே என் இடுப்பு போச்சும்மா," என்றான் காவல்காரன். "வேற எதைத் தொட?"

செர்வா சிரிக்கவில்லை. "எழுந்திரிச்சா ஆசனத்தைச் சாய்ச்சு வைக்கணும், காலியா நிமிர்த்தி விட்டா அலையுற ஆவி வந்து உட்காரும்னு எங்கம்மா முதுகுல ரெண்டு அடி வைப்பாங்க. உங்கம்மாவும் வச்சிருப்பாங்க, பொவாடு ஐயா. அடிபட்டு விழுந்தவர் ஆசனத்தைச் சுவரோரம் கொண்டுபோய்ச் சாய்ச்சிட்டா விழுந்தார்? ஓடினவனுக்கும் நேரமில்ல. நிதானமா எழுந்தவர் செய்ற வேலை இது. நாம எல்லாரும் செய்றதால யார் கண்ணுலயும் படல."

பொவாடு ஆசனத்தைப் பார்த்தார். அவர் கை தலைக்கட்டிலிருந்து இறங்கியது.

அவர் காரின் இருக்கைக்கடியில் நாடா கிடைத்தது. போட்டதும் பெரியம்மாவின் கிழட்டுக் குரல் எழுந்தது: "ஆமா, எங்க மாமாதான் வழி காட்டினார். நேரே சதுப்புக்குள்ள. பாதிப் படை சேத்துல போச்சு. அங்கேயே அவரைச் சுட்டாங்க."

முதல் வாக்கியம் மட்டுமே நூலில் ஏறியிருந்தது.

"துரோகின்னு எழுதினா புத்தகம் விக்கும், அதானே?" என்றார் ஒதுரோ.

"பெரியவரே, மன்னிச்சு..."

"உன் மன்னிப்பை நீயே வச்சுக்க. சாயங்காலம் விழா நடக்கட்டும். அத்தனை ஜனமும் வரட்டும். நீ வாயைத் திறக்காதே." நாடாவைக் கருவியிலிருந்து எடுத்து ஒதுரோ இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். "மேடையில எங்க பெரியம்மா பேசுவா."