கவிழ்த்து வைத்த படகு

"இன்னிக்கு உன்கூடப் படகுல யாரு வேலை பாத்தது?" என்று கட்டிலில் படுத்தபடியே அர்செனியோ கேட்டான். நோல்ஃபா அப்போதுதான் ஈரக் காலுறைகளை அடுப்புக்கு மேலே கம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த மழையில யாரு வருவா? நான் மட்டுந்தான்."

"ரெண்டு பேர் சுரண்டுற சத்தம் கேட்டுதே."

"மாத்திரை மயக்கம் உனக்கு, கிழவா."

வழக்கமாக அவன் பதிலுக்கு அவளைக் கிழவி என்பான். அன்று படகுக் கொட்டகைப் பக்கத்துப் பலகைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சில்லோயே தீவில் குளிர்காலம் வந்துவிட்டால் மழை நிற்பதில்லை, மாலை என்று ஒன்று வருவதுமில்லை. மதியம் மெல்ல மங்கி அப்படியே இருட்டில் போய் விழும். நாள் முழுக்க சால்மன் மீன் தொழிற்சாலையில் நின்று முள் பிடுங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து கணவன் அர்செனியோவைப் புரட்டித் துடைத்து, உருளைக்கிழங்கை வேகப்போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் அவள் படகுக்குப் போவாள். கடலுக்குள் மீன் பண்ணைக் கூண்டுகளுக்கு அடியில் முக்குளித்துக்கொண்டிருந்தவன் அவன். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் ரத்தத்தில் காற்றுக்குமிழி அடைத்து இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. "ஒரே ஒரு தடவை பாய் விரிச்சுப் போகணும், நோல்ஃபா" என்று ஒருமுறைதான் சொன்னான். அதற்காகத்தான் பக்கத்துத் தீவு எர்மிண்டாவிடமிருந்து அந்தப் பழைய சின்னப் பாய்மரப் படகைச் சல்லிசாக வாங்கினாள். படகு வேலை அவளுக்குத் துளியும் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவன் கத்திச் சொல்வான், இவள் செய்வாள். பக்கத்து வீட்டு ரோசமெல் ஆட்களோடு வந்து படகைக் கவிழ்த்து இரண்டு மரத்தாங்கிகள் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். அடிப்பக்கத்தில் அடுக்கடுக்காக இருந்த பழைய வர்ணத்தை அவள் தினமும் கொஞ்சம் சுரண்டினாள்.

மறுநாள் அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

தகரக் கூரையில் மழை அடிக்கிற சத்தத்துக்கும் காற்றில் கதவு முனகுகிற சத்தத்துக்கும் நடுவே, அவள் சுரண்டியை இழுக்கும்போதெல்லாம் படகுப் பலகைக்கு அடுத்த பக்கத்திலிருந்து இன்னொரு இழுப்பு கேட்டது, அவளைவிடக் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் பொறுமையாக. அவள் நிறுத்தினாள். அது நிற்கவில்லை. குனிந்து டார்ச் அடித்தாள். படகுக்கு அடியில் யாருமில்லை. நனைந்த மரத்தூள் மட்டும் பொலபொலவென்று தரையில் உதிர்ந்துகொண்டிருந்தது. பாசி நாற்றம். கடல் வற்றும்போது கரையில் வருமே, அந்த நாற்றம்.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் காலையிலிருந்து நின்ற கால். எலியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். எலி இல்லையென்றும் தெரிந்தது. யாராக இருந்தால் என்ன, கூலி கேட்காத ஆள் என்று ஒரு நினைப்பு வந்து, அதற்குத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, மறுபடி சுரண்டியைக் கையில் எடுத்தாள். அலுப்பு அவ்வளவு. இப்படியே பல நாட்கள் இருவருமாக வேலை செய்தார்கள். அவள் வெளியே, அது உள்ளே.

வெளிப்பக்கத்து வேலை முடிந்தது. இடுக்குகளில் பஞ்சு திணித்து, புதுசாக நீல வர்ணமும் பூசினாள். பிறகுதான் அடியில் மல்லாக்கப் படுத்து உள்பக்கத்தைச் சரியாகப் பார்த்தாள். வர்ணம் எப்போதோ போயிருந்தது. மரத்திலேயே பள்ளங்கள். பக்கம் பக்கமாக நான்கு, சற்றுத் தள்ளி இன்னொரு நான்கு. ஒரு பள்ளத்தில் பிய்ந்த விரல் நகம் ஒன்று குத்தி நின்றது.

அந்த வாரமே படகுத்துறையில் எர்மிண்டாவைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தப் படகு யாரோடது?"

எர்மிண்டா கூடையைக் கீழே வைத்தாள். "கவுத்தா வெச்சிருக்கே?"

"ஆமா."

"நிமித்திடு. இன்னிக்கே நிமித்திடு. என் தம்பி அதுக்குள்ளதான் மாட்டிக்கிட்டான். புயல்ல கவுந்துபோச்சு. கரையில நின்னா எங்களுக்குக் கேக்குது, உள்ளயிருந்து சுரண்டுறான். யாராலயும் கிட்ட போக முடியல. கடல் அடங்குறப்ப சத்தமும் அடங்கிப்போச்சு."

"வாங்கறப்ப சொல்லலையே?"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பியா?"

ரோசமெல் முணுமுணுத்துக்கொண்டே வந்து படகை நிமிர்த்திக் கொடுத்தான். "திருப்பிப் போட்டுப் பொரட்டி எடுக்க இது என்ன ரொட்டியா?" என்றான். சுரண்டல் நின்றது. அன்று நோல்ஃபா அசையாமல் தூங்கினாள்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது. கட்டில் காலி. போர்வை கதவைத் தாண்டிச் சேற்றில் கிடந்தது. அங்கிருந்து கொட்டகை வரை இழுபட்ட தடம்.

படகு கவிழ்ந்திருந்தது. தாங்கிகள் ஓரத்தில் விழுந்து கிடந்தன. மண்தரையோடு அழுந்தி, சுற்றிலும் ஒரு விரல் நுழைய இடமில்லை.

உள்ளே சுரண்டல். இரண்டு பேர்.

"அர்செனியோ!"

"நோல்ஃபா..." மூடிய பானைக்குள்ளிருந்து வருகிற குரல். "தண்ணி ஏறுது. கழுத்து வரைக்கும் வந்துடுச்சு."

கொட்டகைத் தரை காய்ந்திருந்தது. கையால் தடவிப் பார்த்தாள். காய்ந்த மண்.

விளிம்பைப் பிடித்துத் தூக்கினாள். கடப்பாரை போட்டு நெம்பினாள். கீழேயிருந்து எதுவோ உறிஞ்சிப் பிடித்திருந்தது. "ரோசமெல்!" என்று கத்தினாள். மழைச் சத்தத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை.

விறகு வெட்டும் கோடாரி கையில் வந்தது.

முதல் வெட்டு. ஒரு குளிர்காலத்து உழைப்பு சிராய் சிராயாகப் பறந்தது. உள்ளே அவன் ஏதோ கத்தினான். இரண்டாவது வெட்டு. மறுபடி கத்தினான். மூன்றாவதில் பலகை பிளந்தது. அப்போதுதான் வார்த்தைகள் விளங்கின.

"வெட்டாதே! காத்து போயிடும்! இந்தக் காத்துலதான் மூச்சு—"

ஓட்டையிலிருந்து மூச்சு சீறியது. குளிர்ந்த, உப்பான, நீளமான மூச்சு. படகு ஒரு சாண் கீழே இறங்கியது. மண்ணுக்குள்.

உள்ளங்கையால் பொத்தினாள். விரலிடுக்கில் காற்று பீறிட்டது. இன்னொரு சாண்.

சுரண்டல் இப்போது ஒன்றுதான்.

ஓட்டைக்குள்ளிருந்து விரல்கள் வந்தன. நனைந்த, ஊறிப்போன விரல்கள். அவள் கையைப் பற்றிக்கொண்டன.

"நீயா, கிழவா?" என்றாள்.

பிடி இறுகியது. அவளும் விடவில்லை. படகு இறங்கிக்கொண்டே இருந்தது. காய்ந்த மண்தரை பிளக்கவில்லை, கலையவில்லை. மண் அவளுடைய முழங்கை வரைக்கும் வந்துவிட்டிருந்தது.