மல்லாந்து கிடப்பவன்

வாசலில் நண்பர்களின் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. தம்பியின் சட்டைக் காலரை அவள் கடைசியாக ஒருமுறை தேய்த்தாள்.

"போதும் குடுக்கா, அவனுங்க கத்தறானுங்க."

"நாள் பூரா கம்பெனியில நின்னு ஊருக்கெல்லாம் தேய்ச்சுட்டு, வீட்டுக்கு வந்து துரைக்கும் தேய்க்கறேன். இந்தச் சட்டை விடியும்போது எந்த லட்சணத்துல வரும்னு எனக்குத் தெரியாதா?"

"இன்னிக்கு அளவாத்தான்."

"உன் அளவு தெரியும்டா. நிக்க முடியாமப் போனா நிறுத்துவ."

சிரித்தபடியே பொத்தானைப் போட்டுக்கொண்டு படியிறங்கினான். அவள் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள்.

வண்டி விற்கும் ஷோரூமில் அவனுக்கு வேலை. அங்கே விற்பனை கூடினால் குடி, குறைந்தால் அந்தத் துக்கத்துக்குக் குடி. புதிதாக ஒருவன் சேர்ந்தால் குடி, ஒருவன் விலகினால் விடிய விடியக் குடி. வேண்டாம் என்பவனிடம், "பால் புட்டி வாங்கித் தரட்டுமாடா?" என்பார்கள். அம்மா, "வயசு அப்படி. ஒரு கல்யாணம் ஆனா அடங்கிடுவான்" என்பாள். உறவுகளும் அதையே சொன்னார்கள்.

கீழ்வானம் வெளுக்கும் நேரத்தில் நண்பர்கள் அவனைக் கொண்டுவந்து, முன்னறைக் கட்டிலில் மூட்டையைப் போலப் போட்டுவிட்டுப் போவார்கள். அதன் பிறகுதான் அவளுடைய வேலை. பக்கத்து வீட்டு நர்ஸ் ஒருமுறை அவன் கிடந்த கோலத்தைப் பார்த்துப் பதறிப்போய்ச் சொல்லிக்கொடுத்திருந்தாள். தோளையும் இடுப்பையும் பிடித்து ஒருக்களித்துப் புரட்ட வேண்டும். மேல்காலை மடக்கி முன்னால் வைக்க வேண்டும். திரும்பவும் மல்லாந்துவிடாமல் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருக வேண்டும். "வாந்தி வந்தா வெளிய வரணும்மா. உள்ள போச்சுன்னா அவ்வளவுதான்." அவனுடைய குறட்டையில் சளசளப்பு அடங்கி மூச்சு சீராகும்வரை அவள் தரையில் உட்கார்ந்திருப்பாள். பிறகு குளித்துவிட்டு வேலைக்குப் போவாள்.

அந்தச் சட்டையோடு போன இரவு விடிந்தும் அவனைக் கொண்டுவரவில்லை. மாலையில்தான் கொண்டுவந்தார்கள்.

எல்லாம் முடிந்து ஊர் கலைந்த பிறகு, நெட்டை என்று அவர்கள் கூப்பிடும் நண்பன் வாசற்படியில் உட்கார்ந்து விசும்பினான். "நல்லாத்தான்க்கா பாத்துக்கிட்டோம். ரூம்ல இருந்த ஒரே மெத்தையை அவனுக்குக் குடுத்தோம். ஷூவைக் கழட்டி, நேரா மல்லாக்கப் படுக்க வச்சு, போர்வைகூடப் போத்திவிட்டோம். என்னமா குறட்டை விட்டான் தெரியுமா? லாரி ஏறுதுடான்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தோம். அப்புறம் நின்னுபோச்சு. நல்லாத் தூங்கட்டும்னு லைட்டை அணைச்சோம்."

அவன் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

துக்கம் விசாரிக்க வருபவர்களும் நின்றுபோன பிறகு ஒரு விடியலில் முன்னறையிலிருந்து குறட்டை கேட்டது. அவள் பாதித் தூக்கத்தில் எழுந்தாள். சுவரைத் தடவிக்கொண்டு போனாள். தோளைப் பிடித்தாள், புரட்டினாள், காலை மடக்கினாள், தலையணையைச் செருகினாள். திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். காலையில் பல் துலக்கும்போதுதான் கை நின்றது. வாயில் நுரை அப்படியே இருக்க, அவள் முன்னறையை எட்டிப் பார்த்தாள். கட்டில் காலி. விரிப்பு ஒரு ஆள் நீளத்துக்குக் கசங்கியிருந்தது. தலையணை எதன் முதுகையோ தாங்குவதுபோல் செங்குத்தாக நின்றது.

அடுத்த விடியலில் குறட்டை கேட்டபோது அவளுக்கு முழு விழிப்பு இருந்தது. அடைத்த அறையில் பழம் அழுகியதுபோன்ற புளித்த வாடை, சட்டையில் ஊறிய சாராயத்தின் காரம், ஜன்னலில் விடியலின் சாம்பல் வெளிச்சம். எல்லாம் பழக்கப்பட்டவைதான். அந்த வெளிச்சத்தில் கட்டில் மட்டும் வெறுமையாக இருந்தது. வெறுமையின் நடுவிலிருந்து குறட்டை வந்தது. தண்ணீருக்கடியில் யாரோ பேச முயல்வதுபோல ஏறியது, தடுக்கியது, நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். தோள் கிடைத்தது. ஈரத் துணி, அதற்குள் எலும்பு.

புரட்டினாள். மூச்சு சீரானது.

பயத்துக்கும் ஒரு களைப்பு உண்டு. நாளாக ஆக அவள் அதையும் வீட்டு வேலைகளில் ஒன்றாக்கிக்கொண்டாள். தண்ணீர் பிடிப்பது, தம்பியைப் புரட்டுவது, குளிப்பது. கம்பெனியில் நின்றபடியே தூங்கிப்போனாள். ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகு கருகிப்போயிற்று. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "வீட்டுல கட்டில் இல்லையாம்மா உனக்கு?" என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

"ராத்திரியில உனக்கு ஏதாவது கேக்குதாம்மா?" என்று வீட்டில் அம்மாவிடம் கேட்டாள்.

"என்ன கேக்கும்? நான் மாத்திரை போட்டுத் தூங்கறேன். உன் கண்ணைக் கண்ணாடியில பாருடி. குழிக்குள்ள போயிருக்கு. ஒரு நாளாவது நல்லாத் தூங்கேன்."

அதில் நியாயம் இருந்தது. செத்தவன் இன்னொரு முறையா சாகப்போகிறான்? புரட்டாவிட்டால் என்ன ஆகிவிடும்? அன்று அவள் தன் அறைக் கதவைத் தாழிட்டுப் படுத்தாள்.

குறட்டை வந்தது. அவள் எழவில்லை.

ஏறியது. தடுக்கியது. தொண்டையில் எதுவோ கொப்பளித்தது. அவளுடைய விரல்கள் தாமாகவே நீண்டன. அவற்றைத் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். கொப்பளிப்பு ஒரு இழுப்பாயிற்று. இழுப்பு நீண்டது.

நின்றது.

இத்தனை நாளில் அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதில்லை. உடம்பு தளர்ந்தது. கண் செருகியது.

முன்னறையில் கட்டில் முனகியது.

பிறகு காலடிகள். தூக்கிவர ஆளில்லாத நாட்களில் தம்பி நடக்கும் நடை அது. ஒரு தோள் சுவரை உரசியபடி, நின்று நின்று. கதவுக்கு வெளியே நின்றது. தாழ் அசையவில்லை. கதவு திறக்கவில்லை.

அவளருகில் மெத்தை அமுங்கியது.

அதே வாடை. கன்னத்தில் ஈரக்காற்று. தொண்டையில் அந்தக் கொப்பளிப்பு, காதோடு.

அவள் புரட்டினாள். மல்லாந்தது. மறுபடி புரட்டினாள். மல்லாந்தது. தலையணையைச் செருகினாள், முழங்காலை முட்டுக்கொடுத்தாள், தன் முதுகையே அணையாக வைத்தாள். முன்பெல்லாம் இத்தனை கனம் இல்லை. மழையில் ஊறிய மண்மூட்டையின் கனம். "திரும்புடா. என் தங்கம் இல்ல, திரும்புடா." மல்லாந்தது.

தெருவில் பால்காரரின் மணி. ஜன்னலில் வெளிச்சம். விடிந்தால் போய்விடும் என்று இருந்தாள். வெயில் மெத்தைமேல் விழுந்தது. கொப்பளிப்பு நிற்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. அவள் எட்டித் தாழை நீக்கினாள். இன்னொரு கையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

அம்மா காபியோடு உள்ளே வந்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு மகளுக்குப் பக்கத்தில் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் பயமே இல்லை. பல வருட விடியல்களின் அலுப்புதான் இருந்தது.

"வாயெல்லாம் நிறைஞ்சு கிடக்கு பாரு," என்றாள். "ஒருக்களிச்சுப் படுக்க வைடி."

அவள் புரட்டினாள்.

மல்லாந்தது.