ஒன்று கூடிய கெண்டைகள்

“ஒண்ணு கூடிப்போனாத்தான் என்ன குடி முழுகிரும்?” என்று பாவாயியை ஒருமுறை கேட்டாள், மீன்பண்ணையில் அவளோடு வேலை பார்த்த ருக்கு.

அணையில் விடும் கெண்டை ஒவ்வொன்றும் முதலில் பாவாயியின் இழைமானியைத் தாண்ட வேண்டும். வாலோரத்தைத் தொட்டதும் அந்தக் கருவி குரோமோசோம் இழைகளை எண்ணிவிடும். கணக்கு சரியென்றால் பச்சை. ஒன்று மிகையென்றால் சிவப்பு. அந்த மிகையிழை, டிக்கெட் வாங்காத பயணி போல, எதற்கும் உதவாமல் தலைமுறை தலைமுறையாகத் தொற்றிக்கொண்டு வருகிறது என்பது நிபுணர்கள் முடிவு. நாற்பது வருடத்தில் நூற்றுக்கு மூன்றாக இருந்தது முப்பதாகிவிட்டதாம். களைந்தால்தான் இனம் சுத்தமாகும் என்றார்கள்.

சிவப்பு வாங்கியவை வேலையாட்கள் வீட்டில் வறுவலாகிவிடும். ஆனால் புரட்டாசியில் யார் வீட்டிலும் மீன் சட்டி அடுப்பேறாது. வீணாகச் சாகடிக்க மனமில்லாமல், அந்த மாதம் மட்டும் அவற்றைக் கல்குவாரிக் குட்டையில் விட்டு வந்தாள் பாவாயி. யாரிடமும் சொல்லவில்லை.

களையத் தொடங்கிய ஏழாவது வருடக் கோடையில் அணைத் தண்ணீர் கை வைக்க முடியாமல் சுட்டது. சுத்தமான கெண்டைகள் ஒரே வாரத்தில் வயிறு மேலாக மிதந்தன. பரிசல்கள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. வலைக்காரர்கள் திருப்பூருக்கு மூட்டை கட்டத் தொடங்கியபோது, பாவாயி பண்ணை அதிகாரி குலசேகரன் முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, குட்டையில கொஞ்சம் கெடக்குதுங்க. வேலைய விட்டு எடுத்தாலும் சரிங்க.”

குட்டையும் அதே சூட்டில்தான் இருந்தது. கெண்டைகளோ துள்ளின. வெப்பம் தாங்கும் சூட்சுமம் அந்த மிகையிழையில்தான் இருந்திருக்கிறது.

அவற்றின் குஞ்சுகளால் அணை மறுபடி நிறைந்தது. போனவர்கள் திரும்பினார்கள். “பாவாயக்கா, மொத வலை உனக்குத்தான்!” என்று பரிசலிலிருந்து கத்தினார்கள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“நல்லா இருக்கணும்மா நீ” என்று கைகூப்பினார் குலசேகரன். பிறகு மேலிடத்து உத்தரவைப் படித்தார். “இனிமே மிகையிழை இல்லாததுதான் கழிவு.”

இழைமானியில் பச்சையும் சிவப்பும் இடம் மாறின.

புரட்டாசி வந்தது. ஒரு நாள் குட்டைப் பக்கம் போன குலசேகரன், பாவாயி வாளியைச் சாய்ப்பதைப் பார்த்துவிட்டார். அவ்வளவும் புதிதாகச் சிவப்பு வாங்கியவை.

“புரட்டாசிங்க...” என்றாள்.

வாளியின் அடியில் ஒரு கெண்டை ஒட்டிக்கிடந்தது. அவர் குனிந்து அதை எடுத்துத் தண்ணீரில் விட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மேடேறிப் போனார்.