இதயப் பிரிவில் ஒரு சண்டைக்காரி

"எங்கப்பா வைத்தியத்துக்கு வந்தாரா, பரீட்சை எழுத வந்தாரா?"

அவள் போட்ட சத்தத்தில் இதயப் பிரிவின் காத்திருப்புக் கூடமே திரும்பிப் பார்த்தது. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து நாள் முழுக்கக் கத்திக் கத்திப் பழகிய தொண்டை... சும்மாவா?

கேள்வித்தாளோடு நின்ற ஆய்வாளன் மிரண்டுபோனான். மிரண்டாலும் அந்தக் கண்கள்... மழை விட்டதும் இலையில் தங்கும் பளபளப்பு. 'சண்டை போடும்போது கண்ணையா பார்ப்பே?' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"பரீட்சை எங்களுக்குத்தாங்க. இதயம் பலவீனமானவங்களுக்கு நாங்க சொல்றது எவ்வளவு புரியுதுன்னு அளந்து பார்க்கிறோம்."

"எனக்கு எல்லாம் புரியும்," என்றார் அப்பா, மீசையை நீவியபடி. அச்சகத்தில் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். புரியவில்லை என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. "நீர் மாத்திரை உடம்பை வத்த வைக்கும். அதை ஈடுகட்ட ஜாடி ஜாடியாத் தண்ணி குடிக்கிறேன். போதுமா?"

அவன் முகம் மாறியது. வீங்கியிருந்த அவர் கால்களைப் பார்த்தவன், அடுத்த நிமிடமே அவரைச் சக்கர நாற்காலியில் டாக்டரின் அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

"தண்ணியைக் குறைங்கன்னு எத்தனை தடவை சொல்றது? மண்டையில ஏறாதா?" டாக்டர் எரிந்து விழுந்தார்.

அப்பா தலை குனிந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் ஆய்வாளன் முந்திக்கொண்டான்.

"ஏறலைன்னா சொன்ன விதம் தப்பு சார். ஏன் குறைக்கணும்னு அவருக்கு யாருமே சொல்லலை."

"என் ஆய்வுல வேலை பார்க்கிறவன் நீ. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அதனாலதான் சொல்றேன்."

அவளுக்குள் என்னவோ வழுக்கிக்கொண்டு போனது...

அப்பாவை வார்டில் சேர்த்தார்கள். அவனைக் கண்டாலே அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதனால் அவன் அவளிடம்தான் விளக்குவான். இதயத்துக்குத் தள்ளத் தெம்பில்லை, அதனால்தான் காலில் நீர் தேங்குகிறது என்று கையை விரித்தும் மூடியும் காட்டுவான். அவள் பார்த்ததென்னவோ அந்தக் கையைத்தான்!

"உங்களை ஆய்வுலேர்ந்து தூக்கிட்டாங்களாமே?"

"தூக்கட்டும்."

"அப்புறம் ஏன் தினமும் வர்றீங்க?"

அவன் காது சிவந்தது...

அப்பா வீடு திரும்பியதும் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "எனக்குப் புரியலைன்னு நாலு பேர் முன்னாடி காட்டி என்னை முட்டாளாக்கினவன். இந்த வாசப்படி ஏறக் கூடாது."

ஏறவில்லைதான். கொட்டும் மழையில் படிக்குக் கீழேயே நின்றான்.

"போகச் சொல்லும்மா."

"மாட்டேன்ப்பா." அவள் கதவை அகலமாகத் திறந்தாள். "உங்களை மட்டமாப் பேசினப்போ எதிர்த்து நின்னது இவர் மட்டும்தான். வேலையே போச்சு. எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. கட்டினா இவரைத்தான் கட்டுவேன்."

மழையில் நின்றவன் திகைத்துப்போனான். "இதைச் சொல்லத்தாங்க நான் வந்தேன்... முந்திக்கிட்டீங்களே!"

"ஓவர்டேக் பண்றதுதான் என் தொழில்."

அப்பா எழுந்து வாசலுக்கு வந்தார். தண்ணீரைக் குறைத்ததிலிருந்து நடந்தால் மூச்சு வாங்குவதில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் முடியாதுன்னு சொன்னா?"

"நாளைக்கும் வருவேங்க." தலைமுடியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட அவன் நிமிர்ந்து நின்றான். "நீங்க திட்டினாலும் வருவேன். எனக்கு இவங்கதாங்க வேணும்."

அப்பாவின் மீசைக்கடியில் ஏதோ அசைந்தது.

"ரெண்டும் அடங்காததுங்க... உள்ள வாடா, நனையாதே!"