நடுவிலிருந்து அறுந்த நரம்பு

தங்கப்பழம் மழையில் நனைந்தே வந்தான். ஓய்வு பெற்ற ஏட்டு ஆறுமுகச்சாமி உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. காலெல்லாம் கரிசல் சேறு என்று வாசலிலேயே நின்றுகொண்டான்.

"ஏட்டையா, அந்த மட்டை நரம்ப நான் அறுக்கல."

"நீ அறுத்தேன்னு யாரு சொல்லுதா?"

"சொல்லாதது யாரு? தறியில பக்கத்துல நிக்கவன்கூட மூஞ்சியத் திருப்பிக்கிடுதான்."

பெஞ்சில் இருந்த கோமதிசங்கர் எழுந்தே விட்டார். தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஏட்டையா ஒரு விஷயத்தைத் துலக்கப் போகிறார் என்று தெரிந்தால், பஞ்சரோடு நிற்கிற ஆளையும் அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவார். "பூப்பந்து கேசுதானே? நான் நெனச்சேன்! அண்ணாச்சி, இதுல திருவேங்கடத்துக் கிளப்புக்காரன் கை இருக்கு."

"சும்மா இரும்வே. அவன் பேசட்டும்."

அவன் பேசினான். ஊர்ப் பூப்பந்துக் கிளப்பில் பெரிய செட்டு, சின்ன செட்டு என்று இரண்டு உண்டு. சின்ன செட்டு நாலு மணி வெயிலில் ஆடிவிட்டு இறங்க வேண்டும். நிழல் விழுந்த பிறகு பெரிய செட்டு ஏறி, பந்து கண்ணுக்குத் தெரிகிற வரை ஆடும். ஐப்பசி பிறந்தால் மாற்றாட்டம். பெரிய செட்டின் கடைசி ஆளும் சின்ன செட்டின் முதல் ஆளும் தனியாக மோத வேண்டும். ஜெயித்தவன் மேலே, தோற்றவன் கீழே. அந்த ஆட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியில், பொழுது சாயும்போதுதான் நடக்கும்.

இந்த வருஷம் மேலே ஏற நின்றவன் தங்கப்பழம். கீழே இறங்க நின்றவன் பூ வேன் டிரைவர் மருதப்பன். ஆட்டத்துக்குக் கூப்பிட்டபோது மருதப்பன் கொட்டகையில் போய் உறையைக் கழற்றினான். மட்டையின் நரம்பு அறுந்து கிடந்தது. அடுத்தவன் மட்டையில் ஆட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். ஆட்டம் நின்றது. அன்றைக்கு நாலு மணி ஆட்டம் முடிந்ததும் கொட்டகையில் தனியாகச் சட்டை மாற்றியவன் தங்கப்பழம்.

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் என் பேர அடிச்சிருவாங்க ஏட்டையா. திங்கக்கிழம ராஜபாளையத்து மில்லுல இருந்து ஆள் எடுக்க வாராங்க. பெரிய செட்டத்தான் பாப்பாங்க. எடுத்துட்டா நிரந்தர வேலை." அவன் இருமினான். இருமல் அடங்க நேரம் பிடித்தது. "இந்தத் தறிப் பஞ்சு இன்னும் எத்தன வருஷம் என்னய விட்டு வைக்கும்?"

ஏட்டையா குடையை எடுத்தார்.

கிளப் செக்ரட்டரி ஞானதுரை பலசரக்குக் கடைக்காரர். மட்டையைக் கடையின் பின்னால் பூட்டி வைத்திருந்தார். ஏட்டையா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தார். மரச்சட்டம் ஒரு நூல்கூடக் கோணவில்லை. நடுவில் மட்டும் பந்தளவுக்கு ஒரு ஓட்டை. அங்கிருந்து நெடுக்கிலும் குறுக்கிலும் மாறி மாறி வெளிப்பக்கமாக அறுத்திருந்தது. ஓரத்து நரம்புகள் அறுபடாமலே இருந்தன.

"கத்தியாக்கும்," என்றார் கோமதிசங்கர்.

"கத்திதான்," என்றார் ஏட்டையா. "மருதப்பன் முன்னால பெரிய செட்டுல முதல் ஆளா நின்னவன்லா?"

"போன வருஷம் வர அவந்தான்," என்றார் ஞானதுரை. "இந்த வருஷம் என்ன பீடையோ, சரிஞ்சுட்டான். முதல் பாதி புலி மாதிரி ஆடுவான். கடைசியில பந்து ஒருபக்கம், மட்டை ஒருபக்கம். மாற்றாட்டத்த நாலு மணிக்கு வைங்கன்னு வேற கேட்டான். பெரிய செட்டு ஆளு வெயில்ல ஆடுனா கிளப்புக்கு என்ன மரியாத? முடியாதுன்னுட்டேன்."

அவர்கள் மருதப்பனைத் தேடிப் போனபோது மழை விட்டு நல்ல வெயில். வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். இடது பக்கத்தில் முன்னிருந்து பின்வரை பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்தது.

"இது என்னவே கோலம்?" என்றார் கோமதிசங்கர்.

"புளியமரம் உரசிட்டு."

"மரம் நடந்து வந்து உரசுச்சோ?"

மருதப்பன் சிரிக்கவில்லை. கோமதிசங்கர் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து விளையாட்டாக அவனை நோக்கி வீசினார். திரும்பிப் பாதி பார்வையிலேயே ஒற்றைக் கையால் பிடித்துவிட்டான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் பழைய காயமும் புதுக் காயமுமாக இருந்தது. அடுக்களையில் அவன் மனைவி மாடத்தி ஈரலை அலசிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் கோமதிசங்கர் பொருமினார். "பாத்தியளா? தினம் ஆட்டு ஈரல். கறிக்கடை பாய்கிட்ட சொல்லி வச்சு வாங்குதான். நமக்குத் தீபாவளிக்கே எலும்புதான் கெடைக்கு. கை என்ன சுத்தம், பாத்தியள்லா? இப்பேர்ப்பட்டவன் தங்கப்பழத்துக்கிட்டயா தோப்பான்? அதான் அந்தப் பய பயந்து அறுத்துட்டான்."

"எல்லாத்தையும் நீரே பாத்துட்டீரு," என்றார் ஏட்டையா. அவர் முகம் கறுத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அந்தியில் வானம் மூடிக் கிடந்தது. ஆடுகளத்தில் கிளப் ஆட்கள் கூடினார்கள். பெட்ரோமாக்ஸைக் கொளுத்தப் போன ஞானதுரையை ஏட்டையா தடுத்துவிட்டார். "இந்த வெளிச்சம் போதும்." மட்டை தரையில், வலைக் கம்பத்தின் அடியில் கிடந்தது. பக்கத்துத் தெருவிளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஆட்களின் முகம் தெரிந்தது.

"வன்மத்துல அறுக்கவன் எப்படி அறுப்பான்?" என்று மெதுவாக ஆரம்பித்தார். "ஒரு ஓரத்துல கத்திய வச்சு ஒரே இழுப்பு. அப்படி அறுத்தா ஒருபக்கத்து இழுவை போயி சட்டம் கோணிக்கிடும். மட்டையே பாழ். இத அறுத்தவன் நடுவுல ஆரம்பிச்சு, நெடுக்க ஒண்ணு குறுக்க ஒண்ணுன்னு வெளிய வந்திருக்கான். புது நரம்பு கட்டுதவன் பழச அப்படித்தான் எடுப்பான். அவனுக்கு அன்னைக்கு ஆட்டம் நிக்கணும். ஆனா மட்டை சாகப்படாது."

"அப்போ மட்டைக்காரனேவா?" என்றார் கோமதிசங்கர்.

"அவன் ஏன் ஆட்டத்த நிப்பாட்டணும்? வெயில்ல ஆடுதேன்னு அவனாவே கேட்டிருக்கான். முதல் பாதியில புலி, கடைசியில பூஞ்சை. பகல்ல பறந்து வார ஸ்பேனரப் பிடிக்கான். ஆனா காலெல்லாம் இடிச்ச காயம். வேன் மரத்துல உரசுது. தினம் ஈரல் திங்கான். ஈரல எதுக்குவே மருந்தாத் திம்பாங்க?"

கண் பார்வைக்கு என்று எல்லோருக்கும் தெரிந்த மருந்துதான்.

"மருதப்பா, கம்பத்துக்கு அடியில உன் மட்டை கெடக்கு. எடுத்துட்டு வா."

மருதப்பன் எழுந்தான். கையை முன்னால் நீட்டி நாலடி நடந்தான். மட்டையைத் தாண்டிப் போனான். கம்பம் நெஞ்சில் இடித்தது. குனிந்து இரண்டு கையாலும் தரையைத் தடவினான். எதிர்ப்பக்கமாகத் தடவினான்.

"போதும்யா!" என்று கத்தியது தங்கப்பழம்தான்.

மருதப்பன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். "மாலைக்கண்ணு. ஆறு மாசமா. அந்தி ஆட்டம் ஆடுனா ஊருக்கே தெரிஞ்சு போவும். தெரிஞ்சா வேன் போச்சு. ஒருநாள் தள்ளிப் போட்டா, காலையில ஆடச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன். இவங்க உன் பேர எடுத்துட்டாங்க. எனக்கு வாய் வரல தங்கப்பழம்."

"உமக்கு வாய் வரல. என் வீட்டுல உலை வச்சு ரெண்டு நாளாச்சு வே. கள்ளன் பெண்டாட்டின்னு குழாயடியில சொல்லிட்டாங்கன்னு அவ எந்திரிக்கவே இல்ல."

மருதப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஏட்டையா அவன் முன்னால் போய் நின்றார். "பூ ஏத்திக்கிட்டு விடியுமுன்ன கெளம்புத. அன்னைக்குப் புளியமரம். அங்கன ஒரு ஆளு நின்னிருந்தா?"

"வேன் சாவிய வாங்கிட்டா நான் எதத் திங்க ஏட்டையா?"

"எனக்குத் தெரியல மக்கா. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். கண்ணு சரியாவும்னு என்னால சொல்ல முடியாது. சாவியக் கொடு."

மடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். கை ஏட்டையாவுக்குச் சற்றுத் தள்ளி நீண்டது. அவர்தான் நகர்ந்து வாங்கிக்கொண்டார்.

ஞானதுரை தொண்டையைச் செருமினார். "தங்கப்பழம், நாளைக்கு நீ பெரிய செட்டுல நில்லு." யாரும் கை தட்டவில்லை. தங்கப்பழமும் தலையாட்டவில்லை.

தூறல் விழுந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். மருதப்பன் மட்டும் எழுந்திருக்கவில்லை. "வெக்கம்," என்று கோமதிசங்கர் முணுமுணுத்தார். ஏட்டையா இல்லை என்பதுபோல் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார்.

களத்து வாசல் வரை போன தங்கப்பழம் திரும்பிப் பார்த்தான். பிறகு வந்து, மருதப்பனைக் கைபிடித்து எழுப்பி, அந்தக் கையைத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டான்.

"ஓடை இருக்கு. கால எட்டி வையும்."

வீடு வரைக்கும் அவன் பேசியது அவ்வளவுதான்.