ஒன்பதரையில் நின்ற கோடு

"உனக்கு ஏதாவது வேணும்னா வாயைத் திறந்து கேளும்மா."

"கேட்டா குடுப்பீங்களாக்கா?"

"கேட்டுத்தான் பாரேன்."

"இன்னொரு நாள் கேக்கறேன்."

நான்கு மாதத்துக்கு முந்தைய பேச்சு. வார்டின் தலைமை சிஸ்டருக்கு அது இன்னும் மறக்கவில்லை.

ரத்த அணுக்கள் கதிர் அரிவாளாக வளைந்து குழாய்களை அடைத்துக்கொள்ளும் நோய் அந்தப் பெண்ணுக்கு. தையல் வேலை செய்கிறவள். வருஷத்துக்கு நாலைந்து தடவை வலி வந்து இங்கே விழுவாள். முன்பெல்லாம் வலி ஊசி கேட்பாள். ஒருநாள் திரைக்கு அந்தப் பக்கம் நின்ற டியூட்டி டாக்டர், "ஊசிக்காரி வந்துட்டாப்பா" என்று சிரித்தது காதில் விழுந்தது. அன்றோடு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

புது மருந்தைச் சோதிக்கிற ஆராய்ச்சியில் அவள் சேர்ந்ததும் அதனால்தான். அங்கே வாயால் கேட்க வேண்டாம். ஒரு தாளில் பத்து சென்டிமீட்டர் நீளத்தில் நாலு கோடுகள் இருக்கும். இடது முனை வலியே இல்லை. வலது முனை தாங்கவே முடியாத வலி. நோயாளி ஒரு கீறல் போட, நர்ஸ் ஸ்கேலால் அளந்து எண்ணை எழுதுவாள். அரைமணிக்கு ஒன்றாக நாலு கீறல். நாலாவது ஏழைத் தாண்டினால் உடனே வலி ஊசி. அதற்கு முன்னாலும் நோயாளி கேட்டால் போட வேண்டும் என்று விதி இருந்தது. அவள்தான் கேட்க மாட்டாளே.

இன்று பகல் பன்னிரண்டுக்கு அவளுக்கு மருந்து ஏற ஆரம்பித்தது. பாட்டிலில் இருப்பது புது மருந்தா வெறும் உப்புத் தண்ணீரா என்பது வார்டில் யாருக்கும் தெரியாது. அதற்குப் பதினைந்து நிமிஷம் முன்னால் கோட்டுத் தாள்கள் தீர்ந்துபோயின. கடைசித் தாளை ஆபீஸ் நகல் மெஷினில் கொடுத்து, இருபது பிரதி எடுத்து வைத்தது தலைமை சிஸ்டர்தான். வார்டில் அந்த மெஷினுக்குக் கஞ்சன் என்று பெயர். முழுசாகக் கொடுத்தாலும் கிள்ளி வைத்துக்கொண்டுதான் தரும். பிறகு அசல் தாளைத் தன் பையில் போட்டுக்கொண்டு அவள் மாடியில் நடந்த கூட்டத்துக்குப் போய்விட்டாள்.

2.40. திரும்பி வந்தாள்.

கட்டிலில் அந்தப் பெண் புழுவாய்ச் சுருண்டு கிடந்தாள். வாயில் துண்டு. அதில் பல் பட்ட இடம் கிழிந்திருந்தது.

"மூணாம்க்கா!" பஸ் ஓட்டுகிற சட்டையைக்கூட மாற்றாத அவள் கணவன் கத்தினான். "பேப்பர்ல மூணுதான் இருக்காம். ஊசி கிடையாதாம். நான் கேட்டா, அவளே கேக்கட்டும்கறாங்க."

"நீ கேளேன்டி தங்கம்," என்று குனிந்தாள் சிஸ்டர். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கட்டிலுக்கு நாலடி தள்ளி நர்ஸ் மேஜை. அதிலிருந்த ஃபைலைச் சிஸ்டர் பிரித்தாள். ஆறு, ஐந்து, நாலு, மூன்று. படிக்கட்டில் இறங்குவது போல அழகாக இறங்கிய எண்கள்.

"பட்டாசு! இங்க வா."

பேச ஆரம்பித்தால் நிறுத்தாத நர்ஸ் அவள். இன்று கண்ணீரோடு நின்றாள். "நான் மூணு எழுதவே இல்லக்கா! சத்தியமா! ரெண்டு மணிக்கு நாலாவது கோட்டோட கடைசி முனையில கீறினா. அளந்தா ஒன்பதரை. பத்துல்ல வரணும்னு எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. ஒன்பதரைன்னுதான் எழுதினேன்."

"அப்புறம்?"

"ஃபைலை மேஜையில வெச்சுட்டு அடுத்த வார்டுக்கு ஓடினேன்."

டியூட்டி டாக்டர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். "உட்கார்ந்த இடத்துல தானே நிரப்பிட்டு இப்ப கதை விடுது. நான் 2.20க்கு எடுத்தப்பவே மூணுதான் இருந்தது."

"அதுக்கு முன்னாடி யார் தொட்டாங்க?"

"நான் பார்த்தேன் சிஸ்டர்." அந்த மருந்து ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் தேனொழுகச் சொன்னார். இஸ்திரி மடிப்பு கலையாத கோட்டு. பக்கத்தில் வந்தாலே வாசனைத் தைலம் மூக்கில் ஏறியது. "வழக்கமான சரிபார்ப்பு. எண்ணெல்லாம் நல்லா இறங்கியிருந்தது. மருந்து வேலை செய்யுது. வெள்ளிக்கிழமை கூட்டத்துல சொல்லலாம்."

"புதுத் தாள் வந்துடுச்சா டாக்டர்?"

"ஒன்றே முக்காலுக்குப் பெட்டி வந்தது. சீலோட என் பீரோவில பூட்டி வெச்சேன். இன்னும் வார்டுக்குக் கொடுக்கல. ஏன்?"

சிஸ்டர் மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்தாள். ஃபைலில் இருந்த தாளின் முதல் கோட்டின் மேல் வைத்தாள். பத்து. அடுத்தது. பத்து. நாலுமே பத்து.

பிறகு, காலையில் தான் எடுத்த பிரதிகளில் மீந்திருந்த ஒன்றை அளந்தாள். ஒன்பதரை.

"என் மேலயும் தப்பு இருக்கு," என்றாள். "கஞ்சன் கோட்டைச் சுருக்கிக் கொடுத்ததை அளந்து பார்க்காமலே வெச்சுட்டுப் போனேன். அந்தக் கோட்டோட கடைசியில கீறினா ஒன்பதரைதான் வரும். பட்டாசு பொய் சொல்லல. பன்னெண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் இந்த வார்டுல முழுக்கோடு ஒண்ணுகூட கிடையாது. அசல் தாள் என் பையில. மத்தபடி முழுக்கோடு இருந்தது ஒரே இடத்துல. உங்க பீரோவில."

ஆராய்ச்சி டாக்டரின் கை கோட்டுப் பையிலிருந்த பீரோ சாவியைத் தடவியது.

சிஸ்டர் மேஜைக்கடியில் இருந்த குப்பைத் தொட்டியின் மிதியை மிதித்தாள். மூடி திறந்தது. ரத்தப் பஞ்சு, கழற்றிய கையுறைகள். நடுவில் நாலாகக் கிழித்த தாள், சீழ் துடைத்த துணியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. கையுறை போட்டு எடுத்து மேஜையில் விரித்தாள். நாலாவது கோட்டில் கோணல்மாணலாக ஒரு கீறல், முனையைத் தாண்டி விளிம்புவரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஒரு மனுஷியின் வலியைக் கிழித்துச் சீழோடு சேர்த்துப் போட்டிருக்கிறானே!

"இவ நாக்கு கசக்குதுன்னு சொன்னா..." தேன் வற்றிய குரலில் முணுமுணுத்தார் அவர். "புது மருந்துக்கு அதான் அடையாளம். இவளுக்கு ஏறினது மருந்துதான்னு புரிஞ்சது. ஒரே ஒரு ஆளால மொத்த முடிவும் கெட்டுடக் கூடாதேன்னு..."

"ரெண்டு நாளா சாப்பிடாதவளுக்கு நாக்கு கசக்காம இனிக்குமா? ஏறினது உப்புத் தண்ணியாக்கூட இருக்கலாம். உப்புத் தண்ணிக்கு மாலை போட்டிருக்கீங்க. நல்ல மருந்தாவே இருந்தாலும், இனிமே அதை எவன் நம்புவான்? தள்ளி நில்லுங்க. உங்க வாசனை எனக்குக் குமட்டுது."

பட்டாசு பெரிய டாக்டருக்குப் போன் செய்ய ஓடினாள்.

டியூட்டி டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "சரி, நடந்தது நடந்துடுச்சு. ரெக்கார்டுக்கு ஒரு புதுத் தாள்ல கீறல் போடச் சொல்லுங்க. ஊசி போட்டுடறேன்."

இவன் அவனுக்கு அண்ணன் என்று நினைத்துக்கொண்டாள் சிஸ்டர். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கட்டில் கிறீச்சிட்டது.

நாலடி தூரம்தானே, எல்லாமே அவள் காதில் விழுந்திருந்தது. கணவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாயிலிருந்த துண்டை எடுத்துக் கீழே போட்டாள். டியூட்டி டாக்டர் நீட்டிய பேனாவைப் புறங்கையால் தள்ளினாள்.

"கோடெல்லாம் வேணாம் டாக்டர்," என்றாள். வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்டது. "ஊசிக்காரிதான் கேக்கறேன். எனக்கு வலிக்குது. ஊசி போடுங்க."